பதிவைத் தூக்கியது யார்? தளமா, அரசா, காப்புரிமைக்காரரா? முறையிடும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கரிசல்மண் (கேள்வி)

வணக்கம். மாவட்டச் செய்தி, உள்ளூர் வரலாறு, பழைய இதழ்களின் பக்கங்கள் போடும் ஒரு சிறிய தமிழ்ப் பக்கத்துக்காகக் கேட்கிறேன். தளங்களின் பெயர் வேண்டாம், நடந்தது மட்டும்:

1980களில் வந்த ஒரு வார இதழின் அட்டைப்படம். ஈழப் பிரச்சினை பற்றிய இதழ், அட்டையில் ஓர் இயக்கத் தலைவரின் படம். பதிவேற்றிய சில நொடிகளில் 'சமூக நெறிமுறைக்கு எதிரானது' என்று போய்விட்டது. வேறொரு தளத்தில் ஒரு போராட்டச் செய்தி, 'சட்டக் கோரிக்கையின்பேரில் இந்தியாவில் நிறுத்தப்பட்டுள்ளது' என்ற வரியோடு மறைந்தது. மூன்றாவது, ஒரு தொலைக்காட்சிப் பேட்டியிலிருந்து 40 நொடி எடுத்து அதை விமர்சித்த காணொளி. காப்புரிமைப் புகாரில் போனது. நாலாவது விஷயத்துக்கு அறிவிப்பே இல்லை. பதிவு இருக்கிறது, ஆனால் பின்தொடர்பவர்கள் கண்ணிலேயே படுவதில்லை.

நாலுக்கும் 'மறுபரிசீலனை' பொத்தானை அழுத்தியாயிற்று, பதில் இல்லை. எதை யாரிடம் எந்த வரிசையில், எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும்? எந்தக் கட்டத்தில் வக்கீல் தேவை?

இன்னொன்று, எங்கள் பக்கத்தின் பின்னூட்டங்களில் வசவு அதிகம். தடைச்சொல் பட்டியல் போட்டால் நல்ல பின்னூட்டங்களும் சேர்ந்து மறைகின்றன. அதற்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.

---

வலைத்தறி

கரிசல்மண், பொத்தானை அழுத்தும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. பதிவின் நேரடிச் சுட்டியை எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே தெரிந்து இங்கே தெரியவில்லை என்றால் அது பெரும்பாலும் சட்டவழி முடக்கம். எங்குமே இல்லை என்றால் தளத்தின் சொந்த விதி அல்லது காப்புரிமை. எல்லோருக்கும் சுட்டியில் திறக்கிறது, ஓடையில் மட்டும் வரவில்லை என்றால் பரவலைக் குறைத்திருக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் மூன்று வேறு கதவுகள். தளத்தின் மறுபரிசீலனைக் குழுவிடம் போய் அரசு ஆணையை நீக்கச் சொன்னால் அவர்களால் முடியாது. வாரக்கணக்கில் காலம்தான் போகும்.

உங்கள் இரண்டாவது பதிவிலிருந்து தொடங்குகிறேன், சிக்கல் அங்கேதான் அதிகம். 'சட்டக் கோரிக்கை' என்ற ஒரே வரிக்குள் குறைந்தது மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கலாம்: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் மத்திய அரசு போடும் முடக்க ஆணை, அதே சட்டத்தின் 79(3)(பி) அறிவிப்பு, அல்லது நீதிமன்ற ஆணை. எது என்று தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

69ஏ ஆணைக்கு எல்லை உண்டு. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, இவற்றோடு தொடர்புள்ள கைதுக்குரிய குற்றத்தைத் தூண்டுவது என்ற காரணங்களுக்கு மட்டும்தான் போடலாம். அவதூறு அந்தப் பட்டியலில் இல்லை. அமைச்சரை விமர்சித்ததும் இல்லை. நடைமுறை 2009ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. 8ஆம் விதிப்படி அரசின் பரிசீலனைக் குழு கூடும் முன் நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்லக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும். ஓட்டை இங்கேதான்: 'பதிவிட்டவர் அல்லது இடையீட்டாளர்' (இடையீட்டாளர் என்றால் தளம்) என்று விதியில் எழுதியிருப்பதால், தளத்துக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்பிவிட்டு எழுதியவரை விட்டுவிடுகிறார்கள். ஆனால் 2015 மார்ச் 24 அன்று வந்த ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பில், 66ஏ பிரிவை ரத்து செய்து 69ஏ பிரிவை நிற்க வைத்தபோது, பதிவிட்டவர் யாரென்று தெரிந்தால் அவரையும் கேட்க வேண்டும் என்றுதான் உச்ச நீதிமன்றம் அந்த விதியைப் படித்தது. உங்கள் மனுவின் முதுகெலும்பு அந்த வரிதான். 9ஆம் விதி அவசர முடக்கத்துக்கு. அதில் முதலில் முடக்கிவிட்டு 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்க வேண்டும். 16ஆம் விதி இரகசியம் காக்கச் சொல்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஆணையின் நகல் கேட்டால் வழக்கமாக இந்த 16ஐக் காட்டித்தான் மறுப்பார்கள். மறுத்த கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள், நீதிமன்றத்தில் அதுவே சான்று.

நகல் கிடைக்கவே கிடைக்காது என்றும் இல்லை. வரதட்சணையைக் கேலி செய்த ஓர் இணையதளம் 2018இல் முடக்கப்பட்ட வழக்கில், 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையின் நகலைக் கொடுத்து, தளத்தை நடத்தியவரை நேரில் கேட்கவும் சொன்னது. நான்கு ஆண்டுகள் கழித்துதான், ஆனாலும் முன்னுதாரணம் இருக்கிறது. நம் ஊரில் 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முழுவதும் முடங்கியது நினைவிருக்கும். மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சித்திரம் உள்ள பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் மற்றதைத் திறந்துவிட வேண்டும் என்றது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது: ஒரு பதிவுக்காகக் கணக்கையே முடக்கியிருந்தால், 'குறிப்பிட்ட சுட்டி எது?' என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

79(3)(பி) வேறு ரகம். அது முடக்கும் அதிகாரம் என்று எழுதப்பட்டதே அல்ல. அறிவிப்பு வந்த பிறகும் தளம் எடுக்காவிட்டால் அதற்கான சட்டப் பாதுகாப்பு போய்விடும் என்று மட்டும் சொல்கிறது. நடைமுறையில் அதுவே முடக்கும் கருவி ஆகிவிட்டது. குழு இல்லை, 48 மணி நேரம் இல்லை, உங்களைக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 69ஏ பிரிவின் குறுகிய காரணப் பட்டியலும் இங்கே கிடையாது, எந்தச் சட்டத்துக்கு எதிரானது என்றாலும் போதும். உள்துறை அமைச்சகம் 2024இல் தொடங்கிய சஹ்யோக் தளம் வழியாக இந்த அறிவிப்புகள் போகின்றன. அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 செப்டம்பர் 24 அன்று தள்ளுபடி செய்தார். என்னைக் கேட்டால், இன்று ஒரு சிறிய பக்கத்துக்கு 69ஏயை விட இதுதான் பெரிய ஆபத்து.

அதற்குப் பிறகு, தளங்களுக்கான 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 15 முதல், இந்த அறிவிப்பை இணைச் செயலர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ, அந்த நிலை அதிகாரி இல்லாத இடத்தில் இயக்குநர் நிலையிலோ, காவல் துறை என்றால் தனியாக அதிகாரம் பெற்ற டிஐஜி நிலை அதிகாரியோதான் கொடுக்கலாம். சட்டப் பிரிவு, காரணம், குறிப்பிட்ட சுட்டி மூன்றும் அதில் இருக்க வேண்டும். இதே விதியில் தளத்துக்கு இருந்த அவகாசமோ குறைந்துவிட்டது. 36 மணி நேரமாக இருந்தது 2026 பிப்ரவரி 20 முதல் 3 மணி நேரம். மூன்று மணி நேரத்தில் எந்தத் தளமும் தமிழ்ப் பதிவைப் படித்துப் புரிந்து வாதாடாது. முதலில் எடுத்துவிடும். ஆகவே நீங்கள் கேட்காமல் எதுவும் திரும்பாது.

செய்ய வேண்டியது: தளம் அனுப்பிய மின்னஞ்சலைத் தேடுங்கள், பெரும்பாலும் குப்பை அடைவில் கிடக்கும். பிறகு தளத்தின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். கேட்க வேண்டியவை நாலு: எந்தப் பிரிவு, எந்த நிலை அதிகாரி, எந்தத் தேதி, எந்தச் சுட்டி. 24 மணி நேரத்தில் ஒப்புகை எண் வர வேண்டும். தீர்வுக்கு முன்பு 15 நாள், அதே பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு 7 நாள். 69ஏ என்று பதில் வந்தால், அரசமைப்பின் 226ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. இந்தப் பதிவுக்கு வக்கீல் தேவைப்படும் கட்டம் அதுதான், அதற்கு முன் தேவையில்லை.

முதல் பதிவுக்கு, அதாவது தளமே தன் விதிப்படி எடுத்ததற்கு, உங்களிடம் பலமான ஆயுதம் இருக்கிறது. அதே 2021 விதிகளின் 4(8). இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பதிவுபெற்ற பயனர்கள் உள்ள தளம், தானாக ஒரு பதிவை நீக்கினால் காரணத்தைத் தெரிவித்து, எதிர்வாதம் வைக்கப் போதிய வாய்ப்பும் தர வேண்டும். 'சமூக நெறிமுறை' என்ற இரண்டு சொல் காரணம் ஆகாது. மனுவில் இந்த விதி எண்ணைப் பலர் எழுதுவதே இல்லை, பொத்தானோடு நின்றுவிடுகிறார்கள். குறைதீர் அதிகாரியின் பதில் திருப்தி இல்லை என்றால், பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023இல் அமைக்கப்பட்டது, மூன்று குழுக்கள், எல்லாமே இணையவழி. அங்கும் 30 நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது விதி. அரசே நியமித்த குழு என்ற குறை இருக்கத்தான் செய்கிறது. அரசு ஆணையால் போன பதிவை அங்கே கொண்டுபோகாதீர்கள், அது அவர்கள் வேலை அல்ல. தளம் தவறாக எடுத்த பதிவுக்கு மட்டும் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

---

எழுத்துக்கோவை

வலைத்தறி சொன்னது சட்டம். அந்த அட்டைப்படம் ஏன் நொடியில் போனது என்ற தொழில்நுட்பத்தை நான் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் மனு சரியாக வரும்.

சில நொடியில் போனதென்றால் எந்த மனிதரும் பார்க்கவில்லை. படத்தின் கைரேகையை ஒப்பிட்டு எடுத்திருக்கிறது. 2019இல் ஃபேஸ்புக் பொதுவில் வெளியிட்ட பிடிக்யூ முறையை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி 64க்கு 64 புள்ளியாகச் சுருக்கும். அதிலிருந்து அலைவரிசைக் கணக்குப் போட்டு 16க்கு 16 கட்டம் எடுக்கும். ஒவ்வொரு கட்டமும் நடுமதிப்புக்கு மேலா கீழா என்று பார்த்து 1 அல்லது 0. மொத்தம் 256 துணுக்கு (பிட்). தடைப்படங்களின் வங்கியில் இருக்கும் கைரேகையோடு ஒப்பிடும்போது 31 துணுக்குக்குள் வேறுபாடு இருந்தால் 'அதே படம்' என்று கொள்வது வழக்கம். சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களுக்கு இடையே சுமார் 128 வேறுபடும். அதனால்தான் நிறம் மங்கினாலும், அளவு மாறினாலும், ஓரத்தில் மடிப்பு விழுந்திருந்தாலும் பிடித்துவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, உங்கள் தலைப்பு வாசகம் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. '1985 இதழ், வரலாற்று ஆவணம்' என்று நீங்கள் எழுதியதை இயந்திரம் படிக்கவே இல்லை. அதனால் அதே படத்தை வேறு வாசகத்தோடு மறுபடி போடாதீர்கள். மறுபடியும் அதே வேகத்தில் போகும், உங்கள் கணக்கில் இன்னொரு குற்றப்புள்ளி ஏறும். முதல் நீக்கத்தை மனிதர் பார்க்க வைப்பது ஒன்றே வழி.

வங்கியிலேயே தவறான படம் ஏறிவிடுவதும் உண்டு. கொலம்பியக் காவல் துறையின் அடக்குமுறையைக் கண்டித்த ஒரு கேலிச்சித்திரம், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் வங்கியில் தவறாக ஏற்றப்பட்டு, போட்டவர்கள் எல்லோருடைய பதிவும் போனது. 215 பேர் முறையிட்டார்கள், அதில் 98 விழுக்காடு முறையீடு வென்றது. அப்படியும் அந்தப் படம் வங்கியிலேயே கிடந்தது. 2022இல், மெட்டாவின் முடிவுகளை மறுஆய்வு செய்யும் மேற்பார்வை வாரியம் தலையிட்ட பிறகுதான் எடுத்தார்கள். ஒரு படத்துக்கு முறையீடுகள் தொடர்ந்து வெல்கின்றன என்றால் வங்கியைத் திருத்த வேண்டும் என்பதுதான் வாரியம் அன்று சொன்னது. ஆகவே இதே அட்டை வேறு பக்கங்களிலும் போயிருந்தால், ஒவ்வொருவரும் தனித்தனியாக முறையிடச் சொல்லுங்கள். ஒருவர் வென்றதை மற்றவர் மனுவில் மேற்கோள் காட்டுங்கள்.

மெட்டாவின் தளம் எதுவாயினும், அவர்களின் முடிவு வந்ததும் ஒரு குறிப்பு எண் கிடைக்கும். அதை வைத்து 15 நாளுக்குள் மேற்பார்வை வாரியத்துக்குப் போகலாம். வாரியம் எடுத்துக்கொள்வது வெகு சில வழக்குகளையே. ஆனாலும் எழுதுங்கள், செலவில்லை. மொழி விஷயத்தை வாரியம் காதில் வாங்குகிறது. 2021இல் ஒரு பஞ்சாபிப் பதிவு வழக்கில், 3 கோடிப் பேர் பேசும் மொழியில் நெறிமுறையையே மொழிபெயர்த்துத் தரவில்லை என்று மெட்டாவைக் கண்டித்தது.

இப்போது பின்னூட்ட வடிகட்டி. இதில் எல்லோரும் விழும் குழி ஒன்றுதான்: ஆங்கிலத்துக்குச் செய்த கருவியில் தமிழைப் போடுவது. ஆங்கிலத்தில் சொல் தனியாக நிற்கும். நமக்கு வேற்றுமையும் விளியும் ஒட்டிக்கொண்டு வரும். 'நாய்' என்று முழுச்சொல்லாகத் தடுத்தால் 'நாயே' தப்பிவிடும். சரி என்று 'நாய' எனத் துண்டாகப் போட்டால் நாயகன், நாயனார், நாயக்கர் எல்லாரும் மறைவார்கள். 'பறை' என்று போட்டால் சாதி வசவோடு பறையிசையும் பறைசாற்றுவதும் போகும். வரலாற்றுப் பக்கத்துக்கு இது பெரும் இழப்பு. பட்டியலில் வேர்ச்சொல்லைப் போடாமல், உண்மையில் வந்த வசவு வடிவங்களை அப்படியே போடுங்கள்: விளி வடிவம், பன்மை, ஒட்டு வடிவம் தனித்தனியாக. ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்தில் தட்டும் வடிவமும் இரண்டு மூன்று வேண்டும், வசவில் பாதி அப்படித்தான் வருகிறது.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத கோளாறு. 'கொ' என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாகத் தட்டலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றே, இயந்திரத்துக்கு இரண்டும் வேறு. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. 'ஸ்ரீ'யும் அப்படியே, முதல் எழுத்துக்கு இரண்டு குறியீடுகள் புழக்கத்தில் இருக்கின்றன. பட்டியலை ஏற்றும் முன் இரண்டு வடிவத்தையும் சேருங்கள். சொந்த நிரல் வைத்திருந்தால் ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒருங்குறிச் சீர் வடிவத்துக்கு மாற்றுங்கள். இடையில் செருகும் அகலமற்ற குறிகளையும் நீக்குங்கள், வசவுக்காரர்கள் அதைத் தெரிந்தே செருகுகிறார்கள்.

கடைசியாக, வடிகட்டி பிடித்ததை அழிக்க விடாதீர்கள், மறைத்து வைக்க மட்டும் விடுங்கள். 'கொன்னுட்டான்யா', 'தெறிக்க விட்டுட்டாரு' என்றெல்லாம் பாராட்டும் மொழி நம்முடையது. நாளுக்கு ஒரு முறை மனிதக் கண் பார்த்தே ஆக வேண்டும்.

---

கரிசல்மண்

இருவருக்கும் நன்றி. வெளிநாட்டு நண்பரிடம் கொடுத்துப் பார்த்தாயிற்று: போராட்டச் செய்தி அங்கே திறக்கிறது. காப்புரிமை விஷயத்தில் 'எதிர் அறிவிப்பு' என்று ஒரு படிவம் காட்டுகிறது. நிரப்பலாமா? இன்னொன்று, உள்ளூர்க் காவல் நிலைய மின்னஞ்சலிலிருந்து 'பிஎன்எஸ்எஸ் 94 பிரிவின் கீழ் பதிவை நீக்கவும்' என்று ஒரு கடிதம் பக்கத்துக்கு வந்திருக்கிறது. அதற்கு மதிப்பு உண்டா?

---

ஏட்டுச்சுவடி

கடிதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பிஎன்எஸ்எஸ் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம். அதன் 94, பழையதின் 91. ஆவணத்தையோ பொருளையோ முன்னிலைப்படுத்தச் சொல்லும் பிரிவு அது. பதிவை நீக்கச் சொல்லும் அதிகாரம் அதில் இல்லை. ஆனால் கடிதத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடாதீர்கள். ஆவணம் கேட்டிருந்தால் அதற்குப் பதில் சொல்லும் கடமை இருக்கிறது. எழுத்தில், மரியாதையாக, 'கேட்ட விவரம் இணைப்பில். நீக்கம் தொடர்பாக உரிய பிரிவையும் அதிகாரம் பெற்ற அதிகாரியின் ஆணையையும் அளிக்கவும்' என்று எழுதி ஒப்புகை வாங்குங்கள். கடிதத்தில் முதல் தகவல் அறிக்கை எண் இருந்தால் நிலைமை வேறு. அப்போது பதில் எழுதும் முன்பே வக்கீலைப் பாருங்கள்.

காப்புரிமைக்கு வருவோம். யூடியூபில் இரண்டு விஷயங்கள் ஒரே மாதிரி தோன்றும், குழப்பிக்கொள்ளாதீர்கள். உள்ளடக்க அடையாள முறையின் (கன்டென்ட் ஐடி) உரிமைகோரல் தண்டனைப்புள்ளி அல்ல, பெரும்பாலும் வருமானத்தைத்தான் திருப்பும். அதை மறுத்தால் கோரியவர் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். மறுபடி மேல்முறையீடு செய்தால் அவருக்கு 7 நாள். முதல் 5 நாளுக்குள் மறுத்தால் தொடக்க நாளிலிருந்தே வருமானம் தனியாக வைக்கப்படும். நீக்கக் கோரிக்கை என்பது வேறு. அது தண்டனைப்புள்ளி. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் கணக்கு போய்விடும்.

எதிர் அறிவிப்பு நீக்கக் கோரிக்கைக்குத்தான். அதை அனுப்பினால் எதிராளிக்கு 10 வேலை நாள். அதற்குள் வழக்குப் போட்டதற்கான சான்று தராவிட்டால் காணொளி திரும்பும். நிரப்பும் முன் ஒன்றை யோசியுங்கள்: அந்தப் படிவத்தில் உங்கள் முழுப்பெயரும் முகவரியும் இருக்கும், அது அப்படியே புகார் செய்தவர் கைக்குப் போகும். மணல், நிலம், சாதி பற்றி எழுதும் பக்கத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. பதிவை எழுதியவர் யாரென்று கண்டுபிடிக்கவே சிலர் பொய்யான காப்புரிமைப் புகாரைப் பயன்படுத்துகிறார்கள். வக்கீல் மூலம் அவர் முகவரியில் அனுப்பலாம், அந்த வழியை எடுங்கள்.

இந்தியச் சட்டத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. காப்புரிமைச் சட்டம் 52(1)(ஏ) விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. 40 நொடியைத் தனியாகப் போடாமல், நொடிக்கு நொடி உங்கள் மறுப்போடு பின்னிப் போட்டிருந்தால் வாதம் வலுவாகும். 2013 விதிகளின் 75ஆம் விதிப்படி, புகார் பெற்ற இடையீட்டாளர் 36 மணி நேரத்தில் எடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் திரும்ப வைக்கலாம். 22ஆம் நாள் இந்த விதியைச் சொல்லி ஒரு மடல் அனுப்புங்கள்.

---

வடமராட்சி

அந்த அட்டைப்பட விசயத்தில் இஞ்ச இலங்கையிலிருந்து ஒன்று சொல்ல வேணும். தமிழீழ விடுதலைப் புலிகள் 1997 முதல் அமெரிக்காவின் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புப் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் 1992 முதல் தடை. அந்த அமெரிக்கப் பட்டியலில் உள்ள அமைப்புகளைப் புகழ்வதை மெட்டா ஆபத்தான அமைப்புகள் கொள்கையின்படி எடுக்கிறது. அதே கொள்கை செய்தி அறிக்கைக்கும், நடுநிலையான உரையாடலுக்கும், கண்டனத்துக்கும் விலக்கு வைத்திருக்கிறது. முறையீட்டில் 'இது வரலாறு' என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. இதழின் பெயர், வெளிவந்த திகதி, பக்கத்தில் நீங்கள் எழுதிய விளக்கம், 'செய்தி மற்றும் நடுநிலை உரையாடல் விலக்கு' என்ற சொற்கள், இவ்வளவும் முதல் மூன்று வரிக்குள் வர வேணும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். யார் கைக்குப் போகும் என்று சொல்லேலாது.

கார்த்திகை 27ஐ (நவம்பர் 27, இறந்த போராளிகளை நினைவுகூரும் மாவீரர் நாள்) ஒட்டிய நாட்களில் நினைவேந்தல் படங்கள், கார்த்திகைப்பூ, துயிலும் இல்லம் பற்றிய பதிவுகள் அதிகம் போகும். அப்போது பிள்ளையை இழந்த தாயின் பதிவும் பிரச்சாரப் பதிவும் ஒரே தராசில் ஏறுவதுதான் எங்களுக்குத் தாங்க முடியாதது. 2024 மார்ச்சில் மேற்பார்வை வாரியம் அரபுச் சொல்லான 'ஷஹீத்' (பொதுவாகத் 'தியாகி' என்று மொழிபெயர்ப்பார்கள்) பற்றிச் சொன்னதை இங்கே எடுத்துக் காட்டலாம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கும்போது, சொல் வந்தாலே நீக்குவது அளவுக்கு மீறியது என்று சொன்னது. 'மாவீரர்' என்ற சொல்லுக்கு அது நேரடியாகப் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். வாதமாக வைக்கலாம்.

மறுபக்கமும் இருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி, திகனவில் முஸ்லிம் மக்கள் மீது வன்முறை நடந்தபோது, சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகள் முறைப்பாடு செய்தும் எடுபடாமல் கிடந்தன. கடைசியில் அரசாங்கம் மார்ச் 7 முதல் ஒரு கிழமையளவுக்கு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. 2020இல்தான் ஃபேஸ்புக் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. மொழி தெரிந்த ஆள் இல்லாவிட்டால், எடுக்க வேண்டியது நிற்கும், நிற்க வேண்டியது போகும். இரண்டும் ஒரே குறைதான்.

உங்கள் பக்கத்துக்கு இலங்கையிலிருந்து எழுதுபவர்கள் இருந்தால், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் கவனியுங்கள். அந்த ஆண்டு பெப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. தடைசெய்யப்பட்ட கூற்று என்று ஆணைக்குழு அறிவித்தல் கொடுத்தால் 24 மணித்தியாலத்துக்குள் செயல்பட வேணும். நீங்கள் இந்தியாவில் பதிவு செய்த பக்கம் என்றாலும், எழுதினவர் இங்கே இருந்தால் சிக்கல் அவருக்கு வரும். பெயர் போட முன்னம் அவரிடம் கேளுங்கள்.

---

எழுத்துக்கோவை

நாலாவது விஷயத்தை யாரும் தொடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். அறிவிப்பில்லாத பரவல் குறைப்புக்கு இந்திய விதிகளில் தெளிவான பரிகாரம் இல்லை, 4(8) நீக்கத்தையும் அணுகலை முடக்குவதையும்தான் பேசுகிறது. இன்ஸ்டாகிராமில் 'கணக்கு நிலை' பகுதியில், பரிந்துரைக்குத் தகுதி இருக்கிறதா என்று காட்டும். தகுதி இல்லை என்றால் அதற்குக் காரணமான பதிவையும் காட்டும், அங்கிருந்தே முறையிடலாம். ஃபேஸ்புக் பக்கங்களுக்கும் இதுபோன்ற நிலைப் பகுதி உண்டு. பெரும்பாலும் மூல காரணம் உங்கள் அட்டைப்பட நீக்கம்தான். அந்த முறையீடு வென்று குற்றப்புள்ளி நீங்கினால் இதுவும் சரியாகும். அதனால் முதலில் அதை முடியுங்கள்.

---

வலைத்தறி

ஆதாரம் சேர்ப்பதைப் பற்றி ஒரு பின்குறிப்பு, இதில்தான் நல்ல வழக்குகள் தோற்கின்றன.

நீக்க அறிவிப்பைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுக்கும்போது நேரமும், சுட்டியும், குறிப்பு எண்ணும் ஒரே படத்தில் வரட்டும். முக்கியமான பதிவைப் போட்ட உடனேயே, இணையப் பக்கங்களின் நகலைக் காக்கும் வேபேக் மெஷினில் சேமியுங்கள், நீக்கிய பிறகு சேமிக்க எதுவும் இருக்காது. மூலக் கோப்புக்கு ஷா-256 கைரேகை (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் குறியீடு) எடுத்து, எடுத்த தேதியோடு ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். மின்னணுச் சான்றுக்கான, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63(4) சான்றிதழ் படிவத்திலேயே இந்தக் கைரேகைக்கு இடம் இருக்கிறது. அது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழின் புது வடிவம். ஏ பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும், பி பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும்.

ஃபேஸ்புக்கிலிருந்து 'உங்கள் தகவலைப் பதிவிறக்கு' என்று எடுத்தால் எச்டிஎம்எல் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜேசன் வடிவத்தில் எடுத்தால் தமிழ் முழுவதும் சிதைந்து வரும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்தாக எண்ணி எழுதிவிடுகிறது. ஏற்கெனவே ஜேசனில் எடுத்துவிட்டீர்கள் என்றால் பதறாதீர்கள், தரவு அழியவில்லை. ஜேசனைப் படித்தபின் அந்தச் சரத்தை லத்தீன்-1 முறையில் பைட்டுகளாக்கி, பிறகு யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் தமிழ் திரும்பிவிடும். பைத்தானில் ஒரே வரி. திருத்திய கோப்பை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது மூலக் கோப்பையும் அதன் கைரேகையையும் சேர்த்தே கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்களே மாற்றியதாக எதிர்த் தரப்பு சொல்லும்.

உங்களுக்கு இன்றைய வரிசை இது: அட்டைப்படத்துக்குக் குறைதீர் அதிகாரிக்கு 4(8) மனு, போராட்டச் செய்திக்கு நாலு கேள்வி மடல், காவல் நிலையத்துக்கு எழுத்துப் பதில். காப்புரிமை எதிர் அறிவிப்பு மட்டும் வக்கீலின் முகவரி கிடைக்கும் வரை நிற்கட்டும். ஒப்புகை எண்கள் வந்ததும் தேதிகளை மட்டும் இங்கே போடுங்கள், எண்ணைப் போடாதீர்கள். மேல்முறையீட்டு 30 நாள் எந்த நாளில் முடிகிறது என்று சேர்ந்து கணக்குப் பார்த்துவிடலாம்.